ஓட்டோ கியரில் மின்கோளாறு: யாழ்ப்பாணத்தில் முதலில் யாரிடம் காட்டுவது?

கார்த்திகை மழைக்குள் பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போய் வந்த அடுத்த நாள், தானாகக் கியர் மாறுகிற எங்கள் ரொயோட்டா கொறோலா 121 கார் கொக்குவில் சந்தியில் இழுக்க மறுத்தது. என்ஜின் சத்தம் ஏறுகிறது, கார் மட்டும் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி மெல்ல அசைகிறது. மீற்றர் பலகையில் ஓ.டி. ஓஃப் விளக்கு (ஓவர்ட்ரைவ் என்ற மேல் கியரை நிறுத்தியதைக் காட்டுவது) தானாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். எல்லாம் சரி. இருபது நிமிடம் ஓடியதும் பழையபடி.

வழியில் தெரிந்த கராஜ் ஒன்றில் காட்டினேன். அனுபவமுள்ள மனிதர். ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "கியர்பொக்ஸ் போட்டுது தம்பி. கொழும்பிலையிருந்து ஒண்டு எடுப்பிச்சுப் போடுவம்" என்றார். அன்றிரவு நித்திரை வரவில்லை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் எங்கள் ஊரில் பழைய கார்களின் பெறுமதி எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கும் காணிக்கும் அடுத்தபடியாக எங்களிடம் இருக்கிற பெரிய சொத்து இந்தக் கார்தான்.

கடைசியில் கண்டுபிடித்த கோளாறு, பச்சை பிடித்த ஒரேயொரு ஊசி. அந்த ஊசியிடம் போய்ச் சேர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதே நிலையில் நிற்கிற இன்னொருவருக்கு அது மூன்று நாளாகக் குறையட்டும் என்றுதான், யாழ்ப்பாணத்தில் நமக்கு இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. ஓட்டோ கியருக்குள் கியரை மாற்றுவது ஒயில் அழுத்தம். அந்த ஒயில் எந்தப் பாதையால் போகவேண்டும் என்று திறந்து மூடுபவை சொலினொயிட் எனப்படும் சின்ன மின்வால்வுகள். அவற்றுக்குக் கட்டளை கொடுப்பது கொம்பியூட்டர் பெட்டி. கியர்பொக்ஸின் வேகத்தைச் சொல்ல சென்சர்கள், லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல ஒரு சுவிட்ச், இவ்வளவையும் இணைக்கிற வயர்க்கட்டு. இதில் எங்காவது மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை என்று கொம்பியூட்டர் கண்டால், கியர்பொக்ஸைக் காப்பாற்றுவதற்காகச் சொலினொயிட்டுகளை விட்டுவிட்டு ஒரு கியரில் நிறுத்திவிடும். பெரும்பாலான கார்களில் அது இரண்டு அல்லது மூன்று. மூன்றாம் கியரில் புறப்படுகிற கார் இழுக்காதுதானே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கிளச் தேய்ந்த கியர்பொக்ஸ் மாதிரியே தெரியும். என்னுடைய மெக்கானிக் ஏமாந்தது இந்த இடத்தில்தான், அவரில் எனக்குக் கோபமில்லை.

சாவியை அணைத்துப் போட்டதும் சரியாவது, சூடானால் வருவது, மழைக்குப் பிறகு தொடங்கியது, விளக்கு சிமிட்டுவது: இவை மின்பக்கத்தைக் காட்டுகிற அடையாளங்கள். ஒயில் கறுத்துக் கருகின மணம் அடிப்பது, என்ஜின் சுற்று ஏறியும் எந்த விளக்கும் எரியாமல் வழுக்குவது, லீவரை ஆர் (பின்னோக்கு) நிலையில் போட்டால் சில விநாடி தாமதித்து இடித்துக்கொண்டு பிடிப்பது: இவை உள்ளே தேய்ந்ததைக் காட்டும். இரண்டாவது கூட்டம் உங்கள் காரில் இருந்தால் இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நாமே வீட்டு முற்றத்தில் பார்ப்பது முதல் வழி. காசில்லாத வழி, ஆனால் எல்லை உள்ளது. பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், என்ஜின் ஓடும்போது 13.5-க்கும் 14.7-க்கும் இடையிலும் நிற்கிறதா என்று ஒரு சாதாரண மல்ரிமீற்றரால் பாருங்கள். பற்றரி தளர்ந்தால் கொம்பியூட்டர் சொல்கிற பிழைகளை நம்ப முடியாது. பிறகு பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பி (பார்க்) நிலையிலிருந்து லீவர் வெளியே வரவில்லை என்று பதறுகிற எத்தனையோ பேருக்குக் காரணம் பிரேக் விளக்கின் பியூஸ் அல்லது மிதிக்கு மேலே இருக்கிற சுவிட்ச்தான். பி நிலையில் ஸ்ராட் ஆகாமல் 'என்' (நியூற்றல்) நிலையில் ஆனால், லீவர் நிலையைச் சொல்லுகிற சுவிட்சைச் சந்தேகிக்கலாம். இவ்வளவும் கால் மணி நேரம். இதில் முடிந்துவிட்டால் எந்தக் கராஜுக்கும் போகத் தேவையில்லை.

அடுத்து, கொம்பியூட்டர் பதிந்து வைத்த பிழை எண்ணைத் தொலைபேசியில் காட்டுகிற, இணையத்தில் வாங்கும் சின்ன புளூடூத் ஸ்கானர். இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் அதிகம். நம் ஊரில் ஓடுகிற பழைய ஜப்பான் கார்களில் பல, ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவற்றோடு மலிவான ஈ.எல்.எம். 327 ஸ்கானர் பேசாமல் போகலாம். பிளக் பொருந்தும், விளக்கு எரியும், தொலைபேசியில் "இணைக்க முடியவில்லை" என்று வரும். கார் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை. பழைய ரொயோட்டாவாக இருந்தால், ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு துளைப் பிளக்கில் 4-ஐயும் 13-ஐயும் ஒரு சின்ன வயரால் இணைத்துச் சாவியைப் போட்டால், விளக்கே சிமிட்டி எண்ணைச் சொல்லும். ஆறு தரம் சிமிட்டி, ஒரு நிறுத்தம், மூன்று தரம் சிமிட்டினால் 63. ஓட்டோ கியர்ப் பக்கத்தில் 62 முதலாவது கியர் சொலினொயிட், 63 இரண்டாவது, 64 லொக்-அப் சொலினொயிட் (என்ஜினையும் கியர்பொக்ஸையும் நேராகப் பூட்டுவது). துளைகளை எண்ணுவதில் பிழை விடாதீர்கள். 16-இல் பற்றரியின் நேரடி மின்சாரம் இருக்கிறது. வயர் அதில் முட்டினால் பியூஸ் போவதோடு நிற்காமலும் போகலாம்.

புதிய கார்களில் ஐந்து எழுத்துக் குறியீடு வரும். பி 0700 என்பது "கியர்க் கொம்பியூட்டரில் ஏதோ இருக்கிறது, அதைக் கேள்" என்று மட்டும்தான் சொல்கிறது. அதை வைத்து யாராவது சாமான் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். பி 0715 உள்ளே வருகிற வேகத்தை அளக்கும் சென்சரின் சுற்று, பி 0720 வெளியே போகிற வேகத்தின் சென்சர் சுற்று, பி 0705 லீவர் நிலைச் சுவிட்சின் சுற்று. இவற்றை விட முக்கியமான ஒன்று: பி 0751-க்கும் பி 0753-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் முதல் சொலினொயிட்டைப் பற்றியவை. 0753 மின்சுற்றில் குறை என்கிறது. 0751 மின்சாரம் போகிறது, ஆனால் வால்வு சொன்னபடி வேலை செய்யவில்லை என்கிறது. முதலாவதற்கு வயரைத் தேட வேண்டும். இரண்டாவதற்கு ஒயிலையும் வால்வுப் பகுதியையும் பார்க்க வேண்டும். ஒரு கடைசி எண் எந்த வாசலுக்குப் போவது என்று தீர்மானித்துவிடுகிறது. அதனால் எண்ணை அழிக்க முன் எழுதி வையுங்கள், தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பற்றரியைக் கழற்றினால் பல கார்களில் அந்த நினைவு போய்விடும். என் காரில் கராஜ்காரர் முதல் வேலையாகச் செய்தது பற்றரி முனையைக் கழற்றி மாட்டியதுதான். அதோடு மூன்று நாள் வீணானது.

ஸ்கானர் சுற்றைக் காட்டும், சாமானைக் காட்டாது. அதைப் புரிந்து வைத்திருந்தால் அது வாங்கத் தகுந்த பொருள்.

ஊர்க் கராஜ் மூன்றாவது வழி. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளைப் பற்றிப் பேசும்போது மரியாதையோடுதான் பேச வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின் ஏ40-ஐயும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களின் கை அது. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒயில் மணம், வழுக்கல், இடி, ஒழுக்கு: இவற்றுக்கு நான் அவர்களிடம்தான் போவேன், கொழும்புக்குப் போகமாட்டேன். ஆனால் பி 0753-க்குக் காது உதவாது. மின்சாரத்துக்குச் சத்தமில்லை. கராஜுக்குள் மீற்றர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைக்கெட்டிய இடத்தில் இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். தேடி எடுக்க வேண்டியிருந்தால், ஒயில் வேலைக்கு மட்டும் அவரிடம் வாருங்கள்.

## வயரிங் பார்க்கிறவர்

எனக்குச் சரிவந்த வழி இது. ஆளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் நீங்களும் ஓர் ஆளைத் தெரிவு செய்யலாம்.

என்னைவிட வயது குறைந்தவர். பொன்னெற்றைத் திறக்க முன் என்னிடம் கேட்ட கேள்விகள்: "எப்ப வருது அண்ணை? சூட்டிலையோ, குளிரிலையோ? மழைக்குள்ள ஓடினனீங்களோ? பற்றரிக்குக் கடைசியா எப்ப தண்ணி விட்டது?" கடைசிக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது.

தொலைபேசியில் கொறோலாவின் வயரிங் படத்தைத் திறந்து வைத்தார். கியர்பொக்ஸ் சொக்கெற்றைக் கழற்றி, சொலினொயிட் பக்கத்தின் மின்தடையை அளந்தார்: 13 ஓம். இந்த வகை சொலினொயிட்டுக்கு 11-இலிருந்து 15 வரை சரி. "உள்ளுக்கை இருக்கிற சொலினொயிட் நல்லம்" என்றார். கியர்பொக்ஸ் மாற்றச் சொன்ன தீர்ப்பு அந்த ஒரு நிமிடத்தில் விழுந்துபோனது. மறுபக்கம், சாவியைப் போட்டு வயரில் மின்சாரம் பார்த்தார். 12 வோல்ட் காட்டியது. நான் என்றால் அதோடு வயரும் நல்லம் என்று முடிவெடுத்திருப்பேன். அவர் தலையாட்டினார்.

காரணத்தைப் பிறகு விளங்கப்படுத்தினார், அதை நான் மறக்கவில்லை. மீற்றர் மின்சாரத்தை இழுப்பதில்லை. வயரில் பத்தொன்பது இழை அறுந்து ஓர் இழை மிஞ்சினாலும் மீற்றர் 12 வோல்ட்தான் காட்டும். குழாயில் தண்ணீர் நிற்கிறது என்பதும் குடம் நிரம்புகிற வேகத்தில் வருகிறது என்பதும் ஒன்றில்லையே. 13 ஓம் சொலினொயிட் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.9 அம்பியர் எடுக்கும். வழியில் ஒரு துருப்பிடித்த ஊசி இன்னொரு 10 ஓம் சேர்த்தால் அது 0.5-க்குக் கிட்ட இறங்கிவிடும். வால்வு திறக்க அது காணாமல் போகலாம், கொம்பியூட்டருக்கும் சந்தேகம் வரும். அதனால் சொக்கெற்றை மாட்டி, சுற்று வேலை செய்கிறபோதே, வயரின் இரண்டு முனைக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். எர்த் பக்கத்தில் 0.1 வோல்ட்டுக்குமேல் தொலைந்தால் அவர் அதை விடமாட்டார்.

காரை அரை மணி நேரம் ஓடவைத்துச் சூடாக்கினோம். மீற்றரைக் கொம்பியூட்டர் பக்கத்தில் மாட்டிவிட்டு, வயர்க்கட்டை ஓரிடமாகப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டு வந்தார். பற்றரித் தட்டுக்குக் கீழே வந்ததும் எண் குதித்தது. பற்றரியைத் தூக்கி எடுத்தார். கீழே, கியர்பொக்ஸுக்குப் போகிற சொக்கெற்றின் முதுகில் வெள்ளைப் பொடி. றப்பர் மூடியைத் தள்ளி ரோச் அடித்தார். எட்டு ஊசிகளில் ஏழு மங்கிய வெள்ளி நிறம். ஒன்றுமட்டும் கோயில் மணியின் களிம்பு மாதிரிப் பச்சை. ஊசி நுனியால் தொட்டார், பொடி உதிர்ந்தது.

பற்றரிக்கு நான் தண்ணீரைக் கோட்டுக்குமேல் நிரப்பியிருந்தேன். அது வழிந்து, அசிட்டோடு கீழே சொட்டியிருக்கிறது. கடல் பாலத்தில் ஓடியதும், வெள்ளத்துக்குள் ஓடியதும் மிச்சத்தைச் செய்திருக்கின்றன. குளிரில் ஊசி பிடித்துக்கொண்டிருந்தது, சூட்டில் விரிந்து விட்டுவிட்டது. புது ஊசி போட்டு, பக்கத்து ஊசிகளைத் துப்புரவாக்கி, சொக்கெற்றுக்கான கிறீஸ் பூசி மாட்டினார். பின்னேரத்துக்குள் முடிந்தது.

உப்புக்காற்று வீசுகிற குடாநாட்டில் இந்தப் பச்சை புதுமையில்லை. வேலணை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கம் கார் வைத்திருக்கிறவர்கள் கொம்பியூட்டரைச் சந்தேகிக்க முன் சொக்கெற்றையும் எர்த்தையும் சந்தேகிப்பதுதான் கணக்குப்படி சரி. நிறுத்தி வைத்த கார் என்றால் எலி கடித்த வயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். வயரிங் வேலை என்ற பெயரில் சவுண்ட் செற்றும் எல்.ஈ.டி. விளக்கும் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் கையில் கியர் வயர்க்கட்டைக் கொடுத்தால் இருந்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள். கொடுக்க முன் ஒரு கேள்வி போதும்: "சொக்கெற் மாட்டியிருக்கேக்கை வோல்ட் தொலையிறதைப் பாப்பீங்களோ?" விளங்கினவரின் முகத்தில் தெரியும். ரெஸ்ற் பல்பை எல்லா வயரிலும் குத்திப் பார்க்கிறவராக இருந்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 21 வோட்ஸ் பல்பு 1.75 அம்பியர் இழுக்கும். கட்டையான மின்வழங்கல் வயரைச் சோதிக்க அது நல்ல சாமான், ஆனால் கொம்பியூட்டரிலிருந்து வருகிற மெல்லிய கட்டளை வயரில் அதை மாட்டினால் கொம்பியூட்டரையே இழக்கலாம்.

## கொழும்புக்கு அனுப்புவது

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பூட்டிக்கொண்ட கியரோடு ஏ9 வீதியால் ஓட்டிப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தவறான கியரில் மணிக்கணக்கில் ஓடினால் ஒயில் கொதித்து, மின்கோளாறாக இருந்தது முறிகண்டியைத் தாண்ட முன் இயந்திரக் கோளாறாக மாறிவிடலாம். முன்சில்லு இழுக்கிற ஓட்டோ காரை முன்சில்லு நிலத்தில் உருள விட்டுக் கயிற்றில் கட்டி இழுப்பதும் அதே நாசம்தான். என்ஜின் ஓடாமல் ஒயில் பம்ப் சுற்றாது. ஆகவே தட்டு லொறியில் முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி, அங்கே தங்குவது, திரும்பப் போய் எடுப்பது எல்லாம் சேரும்.

அவ்வளவையும் கொடுத்து அனுப்பத் தகுந்த கார்கள் இருக்கின்றன. முதல் தலைமுறை ஹொண்டா வெசெல் ஹைபிரிட் மாதிரி இரட்டைக் கிளச் கியர் உள்ளவை ஒன்று. அவற்றில் கிளச்சைப் பழுது பார்த்தால், அந்தக் கொம்பனியின் நிலைக்கு இணையான ஸ்கானரால் கிளச்சைத் திரும்பப் பழக்க வேண்டும். கொம்பியூட்டர் மாற்றி எழுத வேண்டிய கார்களும் அப்படித்தான். வயரிங் எல்லாம் அளந்து நல்லம் என்று தெரிந்த பிறகும் யு 0101, அதாவது கியர்க் கொம்பியூட்டர் பேசவில்லை என்ற குறியீடு நின்றால், அதுவும் அங்கே போக வேண்டிய சாமான்தான். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலையை இங்கேயே செய்துவிடுங்கள்: பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கான் பிளக்கின் 6-க்கும் 14-க்கும் இடையில் ஓம் பாருங்கள். கொம்பியூட்டர்கள் தங்களுக்குள் பேசுகிற கேன் வலையமைப்பு அந்தப் பிளக்குக்கு நேரடியாக வருகிற கார்களில் 60-க்குக் கிட்ட வரவேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்கிறது. 120 காட்டினால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. அந்த வயரைக் கண்டுபிடிக்க லொறி தேவையில்லை.

அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டுகளில் உயர் மின்னழுத்தம் போகிற செம்மஞ்சள் நிற கேபிளை யாரும் தொடவேண்டாம். அந்த வேலைக்குப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், அவர் இங்கே இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும்.

## கியர்பொக்ஸ் மாற்றுவது

கொழும்பின் வாகனச் சாமான் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றை இறக்குவது மேலே சொன்ன எல்லாவற்றையும் விடச் செலவு கூடியது. மின்கோளாறுக்கு அது மருந்தே இல்லை. பழைய வயர்க்கட்டில் புது கியர்பொக்ஸை மாட்டினால் அதே பச்சை ஊசி அதே விளக்கைச் சிமிட்டவைக்கும். அதோடு வந்து சேர்ந்த கியர்பொக்ஸ் எவ்வளவு ஓடியது, உள்ளே என்ன ஒயில் இருந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். பாவித்த கொம்பியூட்டர் பெட்டி வாங்குவதும் அப்படியே. திருட்டுத்தடைச் சாவி உள்ள கார்களில் பொருந்தாத பெட்டியைப் போட்டால் கார் ஸ்ராட்டே ஆகாமல் நிற்கும். அளந்து, சொலினொயிட் உள்ளே கெட்டது என்று எண் காட்டினால், சொலினொயிட்டை மட்டும் மாற்றப் பாருங்கள். பல கார்களில் கியர்பொக்ஸை இறக்காமல், ஒயில் தட்டைக் கழற்றியே அதை எடுக்கலாம்.

என் ஒழுங்கு இப்போது இதுதான். முற்றத்தில் கால் மணி நேரம், எண்ணை எழுதிக்கொள்வது, கடைசி இலக்கம் மின்பக்கம் என்றால் மீற்றர் பிடிக்கத் தெரிந்த வயரிங்காரர், ஒயில் பக்கம் என்றால் ஊர்க் கராஜ். அந்த இருவரும் அளந்து கைவிட்டால் மட்டும் லொறி. லொறியில் ஏற்றுகிற நாளில், வந்த குறியீடுகள், சூட்டிலா குளிரிலா, எந்த ஊசிக்கு எத்தனை ஓம், எர்த்தில் எத்தனை வோல்ட் தொலைந்தது என்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதி டாஷ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புங்கள். கொழும்பில் பொன்னெற் திறக்கிறவர் முதல் வரியிலிருந்து தொடங்காமல் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார், சொலினொயிட்டுக்கு 13 ஓம் என்று தாளில் இருந்தால் கியர்பொக்ஸ் போட்டுது என்று உங்களுக்குத் தொலைபேசி எடுக்கவும் மாட்டார்.